36 வகுப்பில் ஸ்போக்கன் இங்கிலீஷ்: தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் பாடத்திட்டம் போடும் முறை

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதி வைப்பது ஒரு கிராமர் பட்டியல். முதல் வாரம் பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச், அடுத்து 12 டென்ஸ், பிறகு ஆக்டிவ் வாய்ஸ் பாஸிவ் வாய்ஸ், கடைசியில் நேரம் மிஞ்சினால் 'கன்வர்சேஷன்'. பள்ளியில் ஏற்கெனவே படித்த பாடம், அதே வரிசை. மாணவர் இன்னொரு நோட்டை நிரப்பிக்கொண்டு போவார். ஆங்கிலத்தில் ஒரு போன் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவார்.

இங்கே வேறொரு கணக்கை அடிப்படையாக வைக்கிறோம்: படிப்பு முடிவதற்குள் ஒவ்வொரு மாணவரும் மொத்தம் எத்தனை நிமிடம் ஆங்கிலம் பேசியிருப்பார்? மற்ற முடிவுகள் எல்லாம் இதிலிருந்து வரட்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பேட்ச். திண்டுக்கல், விருதுநகர் போன்ற ஊர். தமிழ்வழியில் பள்ளி முடித்து, கலை அறிவியல் கல்லூரியில் இறுதியாண்டு படிப்பவர்களும் அண்மையில் பட்டம் வாங்கியவர்களுமாக 24 பேர். வாரம் 3 மாலை, 90 நிமிடம், 12 வாரம்.

மணிக்கணக்கில் தொடங்குங்கள்

36 வகுப்பு, 54 மணி நேரம். இது எவ்வளவு குறைவு என்பதை முதலில் உணர வேண்டும். ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட பொது அளவுகோல் மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாகப் பிரிக்கிறது. கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் தோராயக் கணக்குப்படி, ஆரம்பத்திலிருந்து ஏ2 படியை எட்ட 180 முதல் 200 மணி நேரப் பயிற்சி வேண்டும். பி1 படிக்கு 350 முதல் 400. அதாவது ஏ2விலிருந்து பி1க்கு ஏறவே 150 மணிக்கு மேல் ஆகும். 54 மணியில் ஒரு படியின் மூன்றில் ஒரு பங்குதான் நடக்கும்.

ஆகவே 'மூன்று மாதத்தில் சரளம்' என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள். பொய் என்பது ஒரு காரணம். சரளம் என்று சொல்லிவிட்டால் எதை விடுவது என்று உங்களாலேயே முடிவு செய்ய முடியாது என்பது அதைவிடப் பெரிய காரணம். 'மூன்று மாதத்தில் இந்த ஆறு காரியங்களை ஆங்கிலத்தில் செய்ய முடியும்' என்று சொல்லலாம். சொன்னதைக் கடைசி நாளில் சோதித்தும் காட்டலாம்.

36 வகுப்பையும் பாடத்தால் நிரப்பக் கூடாது. பண்டிகை, மழை விடுமுறை, கல்லூரி இன்டர்னல் தேர்வு என்று ஏதாவது வந்தே தீரும். 4 வகுப்பைக் காலியாக விடுங்கள். முதல் வகுப்பும் கடைசி வகுப்பும் சோதனைக்கு. மீதி 30. ஒரு யூனிட்டுக்கு 5 வகுப்பு என்றால் 6 யூனிட். திட்டத்தின் எலும்புக்கூடு அவ்வளவுதான்.

வந்திருப்பவர்கள் யார்?

சேரும்போது ஒரு பக்கப் படிவம் கொடுங்கள், தமிழில். ஆங்கிலத்தில் கொடுத்தால் 'ஐ வான்ட் டு இம்ப்ரூவ் மை இங்கிலீஷ்' என்ற ஒரே வரி 24 தடவை திரும்பி வரும். கேட்க வேண்டியவை மூன்று: அடுத்த ஆறு மாதத்தில் யாரிடம் ஆங்கிலம் பேச வேண்டியிருக்கும்? நேரிலா, போனிலா, எழுத்திலா? கடைசியாக எந்த இடத்தில் ஆங்கிலம் வராமல் மாட்டிக்கொண்டீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்கள்தான் பாடத்திட்டத்துக்கு நேரடியாகப் பயன்படுபவை. பேங்க் கஸ்டமர் கேர், கேம்பஸ் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வி, கடைக்கு வந்த வெளிமாநில வாடிக்கையாளர் என்று இடமும் ஆளும் சேர்ந்தே வரும்.

முடிந்தால் உள்ளூரில் ஆள் எடுக்கும் இரண்டு மூன்று இடங்களிலும் விசாரியுங்கள். மருத்துவமனை ரிசப்ஷன், ஸ்பின்னிங் மில் அலுவலகம், டூவீலர் ஷோரூம். அங்கே ஆங்கிலத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்டு, பயன்படுத்தும் படிவம், மெயில் மாதிரிகளைப் பெயர்களை நீக்கி வாங்கி வாருங்கள். வகுப்பில் அதைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது.

அடுத்தது நிலை அறியும் சோதனை. எழுத்துக்கு 15 நிமிடம் போதும்: 'நேற்று என்ன செய்தீர்கள், அடுத்த ஆண்டு என்ன செய்யப் போகிறீர்கள்' என்று 8 வரி. பேச்சுக்கு ஆளுக்கு 4 நிமிடம். 24 பேருக்கு 96 நிமிடம் ஆகும் என்பதால் இரண்டு பேர் பிரித்துக்கொள்ளுங்கள், அல்லது சேர்க்கை நாளிலேயே ஒவ்வொருவராக முடித்துவிடுங்கள். கேள்விகளைப் படிக்கட்டாக வையுங்கள்: பெயர், ஊர், தினமும் காலையில் என்ன செய்வீர்கள், போன ஞாயிறு என்ன செய்தீர்கள், உங்கள் ஊரில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை, ஏன். எந்தப் படியில் நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' மட்டும் கேட்காதீர்கள். 'மைசெல்ஃப்...' என்று தொடங்கும் மனப்பாடப் பத்தி எல்லோரிடமும் தயாராக இருக்கிறது; அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

முதல் படியிலேயே நிற்பவர்களையும் நான்காவது படியில் வாக்கியமாகப் பேசுபவர்களையும் ஒரே பேட்ச்சில் போட்டால் இருவருக்கும் நஷ்டம். ஃபீஸுக்காகச் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், ஒரே டாஸ்க்குக்கு (மாணவர்கள் ஆங்கிலத்தில் பேசிச் செய்து முடிக்க வேண்டிய காரியம்) இரண்டு தாள் செய்யுங்கள்: ஒன்றில் தொடக்க வாக்கியங்கள் அச்சிட்டு, மற்றதில் வெறும் குறிப்புகள்.

கடைசி நாளிலிருந்து பின்னோக்கி

படிப்பு முடியும்போது மாணவர் செய்ய வேண்டியவற்றை 'செய்ய முடியும்' என்று முடியும் வாக்கியங்களாக எழுதுங்கள். கண்ணால் பார்த்து, காதால் கேட்டுச் சரிபார்க்க முடிகிற வாக்கியமாக இருக்க வேண்டும். 'சிம்பிள் பாஸ்ட் தெரியும்' செல்லாது. 'இறுதியாண்டு புராஜெக்ட்டில் என்ன செய்தோம் என்று 2 நிமிடம் சொல்லி, 2 கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்' செல்லும்.

இந்த பேட்ச்சுக்கு வரிசை இப்படி அமையலாம். முதலில் தன்னைப் பற்றிச் சொல்வதும் மற்றவரைக் கேட்பதும். இதற்கு சிம்பிள் பிரசன்ட்டும் 'டூ, டஸ்' கேள்விகளும் வேண்டும். இரண்டாவது போன் பேசி செய்தி குறித்துக்கொள்வது, 'கேன், குட்' சேர்ந்த பணிவான கேள்விகளோடு. மூன்றாவது ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று படிப்படியாக விளக்குவது. நான்காவது நடந்ததைச் சொல்வது, அங்கே சிம்பிள் பாஸ்ட். ஐந்தாவது புகார் சொல்லும் வாடிக்கையாளரைச் சமாளிப்பது. 'ஐ வில் செக்', 'ஐ ஹேவ் சென்ட்' போன்றவை இங்கே இயல்பாக வந்துவிடும். ஆறாவது இன்டர்வியூ. அதில் புது கிராமர் எதுவும் வேண்டாம், முந்தைய ஐந்தும் கலந்து திரும்பி வரும்.

எதை விட்டோம் என்பதையும் தாளில் எழுதி வையுங்கள். ரிப்போர்ட்டட் ஸ்பீச், வாய்ஸ் மாற்றுதல், பாஸ்ட் பர்ஃபெக்ட் கன்டினியுவஸ், கண்டிஷனலின் மூன்று வகை. இவை கெட்டவை அல்ல, 54 மணியில் இவற்றுக்கு இடமில்லை. எழுதி வைக்காவிட்டால் ஏழாவது வாரத்தில் ஒரு மாணவர் கேட்பார், நீங்களும் போர்டு பக்கம் திரும்பிவிடுவீர்கள்.

ஒரு யூனிட்டைப் பிரித்துப் பார்ப்போம்: போன்

இலக்கு: அழைப்பவரின் பெயர், எண், விஷயம், நேரம் நான்கையும் பிழையில்லாமல் குறித்துக்கொண்டு, திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த முடியும்.

முதல் வகுப்பில் எழுத்தும் எண்ணும். பட்டதாரிகளுக்கு ஏபிசிடியா என்று நினைக்க வேண்டாம். போனில் ஜி, ஜே குழம்பும். ஏ, ஈ, ஐ குழம்பும். எம், என் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' வேறுபாடு பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் கைகடிக்கும். முதலாவதில் அழுத்தம் பின்னால், இரண்டாவதில் முன்னால். ஜோடியாக முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, ஒருவர் பத்துப் பெயரையும் பத்து எண்ணையும் சொல்ல மற்றவர் எழுத வேண்டும். முகம் பார்க்காமல் பேசினால்தான் போன். நம் பெயர்களின் இனிஷியலையும் இங்கேயே சேர்த்துவிடுங்கள்: ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் கேட்டால் அப்பா பெயரை எங்கே போடுவது, அதை ஆங்கிலத்தில் ஒரு வரியில் எப்படி விளக்குவது.

இரண்டாம் வகுப்பில் ஒன்றரை நிமிட உரையாடல் ஒலிப்பதிவு. இந்தியர் குரலில் நீங்களும் ஒரு நண்பருமாகப் பதிவு செய்ததே போதும். வெளிநாட்டு ஒலிப்பதிவைத் தேடி ஓட வேண்டாம், இவர்களிடம் போனில் பேசப்போவது பெங்களூருவோ புனேவோதான். முதல் தடவை யார், எதற்கு என்று மட்டும் கேட்கட்டும். இரண்டாம் தடவை செய்திச் சீட்டை நிரப்பட்டும். மூன்றாம் தடவை எழுத்து வடிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டு, பணிவான கேள்விகளை அடிக்கோடிடட்டும்.

மூன்றாம் வகுப்பு பணிவுக்கு. தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. 'சொல்லுங்க' என்றால் போதும். ஆங்கிலத்தில் அந்த வால் இல்லாததால் 'டெல் மீ யுவர் நம்பர் சார்' என்று வந்துவிடும், சாரைச் சேர்த்ததோடு மரியாதை முடிந்தது என்று மாணவரும் நினைத்துக்கொள்வார். 'குட் யூ...', 'மே ஐ...', 'சாரி, குட் யூ ரிப்பீட் தட்?' ஆகிய மூன்று அச்சுகளை மட்டும் எடுத்து, வாயில் பழகும்வரை ஓட்டுங்கள். பத்து அச்சு கொடுத்தால் ஒன்றும் நிற்காது.

நான்காம் வகுப்பில் தகவல் இடைவெளி டாஸ்க். மதுரையிலிருந்து சென்னை செல்லும் வைகை, பாண்டியன் ரயில்களின் புறப்படும் நேரம் ஒருவர் தாளில், கட்டணமும் சேரும் நேரமும் மற்றவர் தாளில். கேட்டால்தான் கிடைக்கும். இந்த வகைப் பயிற்சிக்கு நம் பக்கத்திலேயே பெயர்பெற்ற முன்னோடி உண்டு: ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபு தலைமையில் 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களின் பள்ளிகளில் நடந்த சோதனை. கிராமர் பட்டியலே இல்லாமல், கால அட்டவணை, வரைபடம் போன்ற டாஸ்க்குகளால் மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு விஷயம்: டாஸ்க்குக்கு முன் அதே மாதிரி ஒன்றை முழு வகுப்போடு சேர்ந்து செய்து காட்டுவது, வகுப்பில் பாதிப் பேராவது டாஸ்க்கில் பாதியாவது முடிக்கிற அளவுக்குக் கடினத்தை வைப்பது. பாதிக்கும் குறைவு என்றால் தாள்தான் தவறு, மாணவர் அல்ல.

ஐந்தாம் வகுப்பு யூனிட் சோதனை. ஆளுக்கு ஒரு உண்மையான போன் அழைப்பு, வராந்தாவிலிருந்து வகுப்பறைக்கு. குறித்த சீட்டைப் பார்த்து மதிப்பெண்.

தாள்களை ஏ, பி என்று இரண்டு நிறக் காகிதத்தில் ஜெராக்ஸ் எடுங்கள். ஒரே நிறமாக இருந்தால் இரண்டு பேரும் ஒரே தாளை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் விழிப்பார்கள். ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால் செலவும் பாதி.

90 நிமிடம் எங்கே போகிறது?

முதல் 10 நிமிடம்: சென்ற வகுப்பின் சொற்களை ஜோடியாகக் கேட்டுக்கொள்வது. அடுத்த 15: கேட்பது அல்லது படிப்பது. 15 நிமிடம் அதிலுள்ள மொழியைப் பிரித்துப் பார்ப்பது. கிராமர் விளக்கம் இதற்குள் அடங்க வேண்டும். 25 நிமிடம் டாஸ்க். 10 நிமிடம் வேகப் பயிற்சி: ஒரே விஷயத்தை முதல் ஆளிடம் 2 நிமிடத்திலும், அடுத்தவரிடம் ஒன்றரையிலும், மூன்றாமவரிடம் 1 நிமிடத்திலும் சொல்வது. மூன்றாவது முறை தயக்கம் குறைவது காதுக்கே கேட்கும். 10 நிமிடம் போர்டில் பிழை திருத்தம், கடைசி 5 வெளியேறும் சீட்டு: இன்று பேசியதில் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

இப்படி ஓட்டினால் ஒருவர் ஒரு வகுப்பில் சுமார் 18 நிமிடம் பேசுகிறார். 30 வகுப்பில் 540 நிமிடம், அதாவது 9 மணி நேரம். மாறாக, ஆசிரியர் 45 நிமிடம் விளக்கி, மீதி 45 நிமிடத்தில் ஒவ்வொருவராக எழுந்து நின்று பேசினால் தலைக்கு 2 நிமிடம்கூட வராது. 36 வகுப்பும் நடந்தாலும் மொத்தம் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஜோடிப் பயிற்சி சத்தமாக இருக்கும், பிழை காதில் விழாமல் போகும் என்ற குறைகள் உண்மைதான். ஒரு மணிக்கும் ஒன்பது மணிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு முன்னால் அவை சின்னவை.

புதுச் சொல் ஒரு வகுப்புக்கு 8க்கு மேல் வேண்டாம். கொடுத்த சொல் அடுத்த வகுப்பிலும், ஒரு வாரம் கழித்தும், மூன்று வாரம் கழித்தும் திரும்பி வரும்படி திட்டத்தாளின் ஓரத்திலேயே குறியுங்கள். தனிச் சொல்லாகக் கொடுக்காமல் துணையோடு கொடுங்கள்: 'டெசிஷன்' அல்ல, 'மேக் எ டெசிஷன்'.

நம்மவர்கள் தடுமாறும் இடங்கள்

பிழைகளை இரண்டு கூடையாகப் பிரிக்க வேண்டும். எதிரில் இருப்பவருக்குப் புரியாமல் போகிற பிழை. புரியும், ஆனால் காதுக்கு உறுத்துகிற பிழை. முதல் கூடையைத்தான் துரத்த வேண்டும். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' இரண்டாவது கூடை. இந்தியா முழுக்கப் பேசுகிறார்கள், ஒருவரும் தடுமாறுவதில்லை. 'எ', 'ஆன்', 'தி' என்ற ஆர்ட்டிகிளும் அப்படியே. தமிழில் அதற்கு நேரான வழக்கம் இல்லாததால் 54 மணியில் வசப்படாது. ஒருவர் பார்க்கும் வேலையின் பெயருக்கு முன் வரும் 'எ'வை மட்டும் பழக்கினால் இப்போதைக்குப் போதும்.

முதல் கூடையில் வருபவை: வயதில் பெரியவர் ஒருவரை 'தே' என்பது. 'அவங்க' அப்படியே ஆங்கிலத்துக்குப் போவதால் வருவது இது; ஒருவரைப் பற்றிய பேச்சா, பலரைப் பற்றியதா என்று எதிரில் இருப்பவர் குழம்புவார். ஒலியில் ப, ஃப வேறுபாடும், சொல் முதலில் வரும் அழுத்தமான ப மென்மையான ப வேறுபாடும். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப என்பதால் குப்பைத்தொட்டியும் குண்டூசியும் 'பின்' என்றே இந்தக் கட்டுரையிலும் எழுத வேண்டியிருக்கிறது. அதனால்தான் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் நோட்டில் குறித்துக்கொள்ளும் பழக்கத்தை இந்த இரண்டு ஒலிகளுக்காவது விடச் சொல்ல வேண்டும். அழுத்தத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட் போதும்: அழுத்தம் விழும் அசையில் இழுத்து, மற்றதில் விடுவது. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் இழுப்பவர் 'ஃபோட்டோகிராஃபர்' என்பதில் இரண்டாவதில் இழுக்க வேண்டும்.

'ஐ டிட் நாட் வென்ட்', 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' போன்றவை நடுவில் நிற்பவை. டாஸ்க் ஓடும்போது குறுக்கே புகுந்து திருத்தாதீர்கள். ஒரு துண்டுச்சீட்டில் குறித்து, பிழை திருத்த நேரத்தில் பெயர் சொல்லாமல் 5 வாக்கியம் போர்டில் போடுங்கள். இரண்டு சரியானவையும் கலந்திருக்கட்டும், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

தமிழ் பேசினால் அபராதம் என்ற விதி வேண்டாம். அபராதத்துக்குப் பயந்து வாயையே மூடிக்கொள்வார்கள், அது நம் நிமிடக் கணக்குக்கு நேர் எதிரி. டாஸ்க்கின் விதிகளைத் தமிழில் 1 நிமிடத்தில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொன்னால் 6 நிமிடம் போகும். டாஸ்க் ஓடும் 25 நிமிடம் மட்டும் ஆங்கிலம். 'இதை எப்படிச் சொல்வது' என்று தமிழில் கேட்கலாம்.

மதிப்பிடுவது

முதல் நாள், 6ஆம் வார இறுதி, கடைசி நாள் என்று மூன்று முறை ஒரே வகைக் கேள்விக்கு 2 நிமிடப் பேச்சை மாணவரின் போனிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். நான்கு தலைப்பு, தலைப்புக்கு 5 மதிப்பெண்: காரியம் முடிந்ததா, புரிகிறதா, தடங்கல் எவ்வளவு, சொல்லும் கிராமரும் எப்படி. சொல்லும் கிராமரும் சேர்ந்தே மொத்தத்தில் கால் பங்குதான் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எங்கே கவிழும்?

நான்காவது வாரத்தில் ஆள் குறையும். புதுமை போயிருக்கும், முன்னேற்றம் இன்னும் கண்ணுக்குத் தெரியாது. அந்த வாரத்தில் முதல் நாள் பதிவை எடுத்து அவர்களையே கேட்கச் சொல்லுங்கள்.

'சார், டென்ஸ் எப்ப எடுப்பீங்க?' என்ற கேள்வியும் வரும். நோட்டில் விதி எழுதினால்தான் படித்ததுபோல் இருக்கும் என்று பழகியவர்கள் அவர்கள். யூனிட்டுக்கு ஒரு பக்கக் கிராமர் குறிப்பை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். வீட்டில் படிப்பார்கள், வகுப்பு நேரம் தப்பிக்கும்.

ஜோடி சேர்ப்பதில் கவனம். முதல் இரண்டு வாரம் விருப்பப்பட்டவரோடு உட்காரட்டும்; ஆண் பெண் கலந்து உட்காரத் தயங்கும் ஊர்களில் வற்புறுத்தினால் மூன்றாம் நாள் ஆள் வராது. பிறகு எண் போட்டு மாற்றுங்கள். நன்றாகப் பேசுபவருக்கு எப்போதும் பதில் சொல்லும் வேடத்தைக் கொடுங்கள், கேள்வி கேட்கும் வேடம் மற்றவருக்கு. இல்லாவிட்டால் ஒருவரே பேசி முடித்துவிடுவார்.

காலியாக விட்ட 4 வகுப்பில் ஏதாவது மிஞ்சினால் புதுப் பாடம் எடுக்காதீர்கள். மிக மோசமாக ஓடிய டாஸ்க் எதுவோ அதைத் தாள் மாற்றி, ஜோடி மாற்றி மறுபடி நடத்துங்கள்.